ஒளிக்கத் தெரிந்த பெட்டி

கெட்டுப்போன கருவியை மன்னித்துவிடலாம். கெட்டுப்போனதை மறைத்துக்கொண்டு, எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கிற கருவியை என்ன செய்வது?

பெங்களூர் அல்சூரில் எங்களுடையது வாடகை வீடு. தொலைக்காட்சிக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு மினி பிசி, உள்ளறை அலமாரியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி. மினி பிசியில் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி மட்டுமே என்பதால், வீட்டார் கைப்பேசிகளில் எடுக்கிற படங்கள் எல்லாம் அதன் வழியாக நாஸுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே ஏற்பாடு.

ஏப்ரலில் ஓர் இரவு இடி மழையில் மின்சாரம் போய் வந்தது. வந்தவுடன் மினி பிசி இருபது வினாடியில் எழுந்துகொண்டது. நாஸோ வட்டுகளைச் சுழற்றி, சோதித்து, நிமிர்ந்து உட்கார நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குள் மினி பிசியின் இயங்குதளமான லினக்ஸ் நாஸைத் தேடிப் பார்த்து, காணாமல், பேசாமல் விட்டுவிட்டது. அப்படி விடும்படி சொன்னவனும் நான்தான். கணினி எழும்போது எந்தெந்தச் சேமிப்பை இணைக்கவேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’ என்று எழுதாவிட்டால், நாஸ் கிடைக்காத நாளில் கணினி அதற்காகக் காத்து நின்று, எழத் தாமதமாகலாம். எழுதினால் நாஸ் இல்லாமலே எழுந்து, இல்லாததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாது. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ, தோல்வியே கிடையாதாம்!

நாஸை இப்படி இணைப்பதை மவுண்ட் செய்வது என்பார்கள்; அது ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் நாஸைக் கொண்டுவந்து ஏற்றுவதுதான். நாஸ் ஏறாத நாளிலும் அந்தக் கோப்புறை அதே பெயரோடு அங்கேயே வாய் திறந்து கிடக்கும். பேக்கப் மென்பொருளுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே இரண்டு மாதம் அது படங்களை எல்லாம் எஸ்எஸ்டியிலேயே கொட்டிவிட்டு, ஒவ்வோர் இரவும் ‘பேக்கப் முடிந்தது’ என்று எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. மே மாதம் நடந்த மகளின் காதணி விழாவுக்கு வீடியோக்காரர் கொடுத்த காட்சிகளும் அந்தக் கொட்டலில் சேர்த்தி. அந்த இரண்டு மாதமும் பழைய படம் எதையும் நான் திறந்து பார்க்காதது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

ஜூனில் ஏதோ காரணத்துக்காக மினி பிசியை மறுபடி தொடங்கினேன். இம்முறை நாஸ் விழித்திருந்ததால் ஒழுங்காக மேலே ஏறி உட்கார்ந்தது. அடியில் கிடந்த இரண்டு மாதப் படங்கள் அதன் கீழ் மறைந்துபோயின. சேலத்திலிருந்து அம்மா, “காது குத்தின வீடியோ எங்கடா?” என்று கேட்டபோது கோப்புறையைத் திறந்தால் ஏப்ரலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எஸ்எஸ்டியில் 155 ஜிபி நிரம்பியிருப்பதாக ஒரு கட்டளை சொன்னது. கோப்புகளைக் கூட்டிப் பார்க்கிற இன்னொரு கட்டளை 35 ஜிபிதான் என்றது. மீதி 120 ஜிபி எங்கே போனது என்று மூன்று இரவு தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, நாஸை இறக்கிப் பார்த்தால், அடியில் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. மகிழ்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

அவற்றை நாஸுக்கு மாற்றும்போது அடுத்த நாடகம். ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 110 எம்பி போகவேண்டிய இடத்தில் 11 எம்பியைத் தாண்டவில்லை. இருபது நிமிடத்துக்குள் முடியவேண்டிய வேலைக்கு மூன்று மணி நேரம். சுவரில் ஆணி அடித்தாலே முகம் சுளிக்கிற வீட்டுக்காரருக்கு அஞ்சி, எஸ்.பி. சாலையில் வாங்கிய லேன் கேபிளைக் கதவிடுக்கு வழியாக இழுத்திருந்தேன். கதவு நசுக்கி நசுக்கி உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். ஆகவே இணைப்பு அறாமல், பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கி, வழக்கம்போல் விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நாஸை இறக்கிவிட்டு அந்த வெற்றுக் கோப்புறைக்கு ‘சாட்டர்’ கட்டளையால் பூட்டுப் போட்டால், நாஸ் ஏறாத நாளில் யாராலும் அதில் எழுத முடியாது. பேக்கப் உடனே பிழை காட்டி நிற்கும். இந்த ஒரு வரியைப் படம் படமாகப் போட்டுத் தரும் அமைப்புக் கையேட்டில் அச்சிட என்ன கேடு? 40 பக்கத்தில் பெட்டியை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது என்பதை மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பூட்டுப் போட்டாயிற்று, கேபிளும் மாற்றியாயிற்று. நேற்று மாலை மழையில் மீண்டும் மின்சாரம் போய் வந்தது. இரவு பேக்கப் பிழை என்று செய்தி வந்ததும் நான் “அப்பாடா” என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.