புதுப் பதிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரம் வந்த பிறகுதான் நான் கைப்பேசியைத் திறப்பது. வளைவில் எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். தம்பி மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"அத்தை, நீங்க குடுத்த நாவல இன்னும் ஆரம்பிக்கல. எழுதினவரே அதைத் திருத்தி எழுதிட்டு இருக்காராம். அடுத்த வருஷம் கெட்டி அட்டையில வருதாம், முன்வெளியீட்டுத் திட்டம்கூட அறிவிச்சுட்டாங்க. புதுசு வந்ததும் படிச்சுக்கட்டுமா?"

"இப்பவே படி கண்ணு. காரணத்தை நேர்ல சொல்றேன்" என்று பதில் போட்டேன். அந்தக் காரணத்தை இங்கேயும் எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

என் அப்பா அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனால் நூலகத்துக்குப் போகாத வாரம் கிடையாது. ஒருநாள் ஒரு நாவலை எடுத்துவந்து நாலே நாளில் முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இதுல ஒரு சந்தை வருது. வெத்தலை விக்கிற அம்மா ஒன்னு பொழுதோட காசு எண்ணும். அந்த எடத்தப் படிச்சுட்டு வா, பேசலாம்" என்றார். அப்பா அப்படியெல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறவர் இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அந்த எழுத்தாளர் நாவலைத் திருத்திக்கொண்டிருப்பதாக ஏதோ ஒரு பேட்டியில் படித்திருந்தேன். "எழுதினவரே சரியில்லைன்னு திருத்தறாரு. அது வரட்டும்ப்பா, நல்லதாவே படிச்சுக்கறேன்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்காக நூலகத்தில் ரெண்டு தடவை தவணை நீட்டி வைத்திருந்தார். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திருத்திய பதிப்பு வர ஆறு வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பா போய்விட்டார்.

புத்தகம் வந்த வாரமே வாங்கினேன். இப்போது வரும், இப்போது வரும் என்று அந்தச் சந்தையைத் தேடிக்கொண்டே படித்தேன். கடைசிப் பக்கம்வரை வரவில்லை. மறுபடி முன்னுரைக்குப் போனால், கதை ஓட்டத்துக்காகச் சில பகுதிகளை எடுத்துவிட்டதாக எழுத்தாளர் எழுதியிருக்கிறார். அப்பா எடுத்துவந்த பிரதி நூலகத்தில் இல்லை. நாள்பட்டுப் பிய்ந்துபோனவற்றோடு அதுவும் போயிருக்க வேண்டும். கடைகளிலோ புதுப் பதிப்பு வந்தவுடன் பழையதை யாரும் வைத்திருப்பதில்லை.

கடைசியில் ஆத்தூரில், என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவருடைய மாமனார் வீட்டு அலமாரியில் கிடைத்தது. அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை மட்டும் படித்தேன். பதினெட்டுப் பக்கம். சந்தை கலைகிற நேரம். அந்த அம்மா மிச்ச வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கிறாள். காசை எண்ணுகிறாள். கால் ரூபாய் குறைகிறது. மறுபடி எண்ணுகிறாள், அப்போதும் குறைகிறது. மூன்றாம் தடவை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

என் அப்பாயி சந்தையில் வெற்றிலை விற்றவர். அது எனக்குச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அப்பா தன் அம்மாவைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு நான் படித்திருந்தால் திறந்திருப்பார்.

அந்த எழுத்தாளர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் நல்லபடியாக இருக்கிறார், இந்தப் பதிவைப் பார்த்து மனசு சங்கடப்படக்கூடாது என்பதற்காகத்தான் நாவலின் பெயரைச் சொல்லவில்லை. திருத்திய பதிப்பில் நடுப்பகுதித் தொய்வு போயிருக்கிறது, முடிவு இன்னும் அழுத்தமாக வந்திருக்கிறது. தன் நாவலைத் திருத்த எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. நான் பேசுவது வாசிக்கிற நம்மைப் பற்றி. நாவலுக்கு அடுத்த பதிப்பு உண்டு. அதைக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வா என்று சொன்ன மனுஷருக்கு அடுத்த பதிப்பு கிடையாது.

திருத்திய பதிப்பு என்றாலே மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேலத்துக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் சேலம் ராமசாமி முதலியார். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தபோது, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று உ.வே.சா.வைக் கேட்டவர், அதன் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்தவர் அவர்தான். உ.வே.சா.வின் பதிப்பு 1887-ல் வந்தது. அதோடு அவர் ஓயவில்லை. திருத்திய இரண்டாம் பதிப்பை 1907-லும் மூன்றாம் பதிப்பை 1922-லும் கொண்டுவந்தார். பின்னால் வந்தவை முதல் பதிப்பைவிடச் செப்பமானவை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் ராமசாமி முதலியார் 1892-லேயே காலமாகிவிட்டார். அந்த நூலுக்கு வழி திறந்துவிட்ட மனிதர் அச்சில் கண்டது குறைகள் இருந்த அந்த முதல் பதிப்பைத்தான். அவர் 1907 வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று, பழைய அச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்துக் குறிப்புகளோடு போடுகிற செம்பதிப்பு வேறு, திருத்திய பதிப்பு வேறு. நம் ஆட்கள் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2000-ல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகளை எடுத்துப் பாருங்கள். எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, பாடம், அதாவது கதையின் வாசகம், எங்கே மாறியிருக்கிறது என்பதற்கெல்லாம் அதிலேயே குறிப்பு இருக்கிறது. அந்த மாதிரிப் பதிப்பு பழையதை அழிப்பதில்லை, பத்திரப்படுத்துகிறது. அதற்காக ஒருவர் காத்திருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எழுத்தாளரோ பதிப்பகமோ செய்கிற திருத்திய பதிப்பில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. என்ன போயிற்று, என்ன வந்தது என்று பழையதைப் படித்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதிப்பக மேசையில் நடக்கும் திருத்தம்தான் எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்து வாழ்க்கையை எழுதிய ஒரு நாவலின் மறுபதிப்பை வாங்கினேன். திருத்திய பதிப்பு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. என்னிடம் இருந்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "நோம்பி" என்று இருந்த இடமெல்லாம் "பண்டிகை" ஆகியிருக்கிறது. "ஒறம்பரை வந்திருக்காங்க" என்று ஒரு கிழவி சொல்வது "விருந்தினர் வந்திருக்கிறார்கள்" ஆகிவிட்டது. சேலம், நாமக்கல் பக்கம் எந்தக் கிழவி அப்படிப் பேசுகிறாள்? ஆடி நோம்பிக்கு ஒறம்பரை வருவதும் பண்டிகைக்கு விருந்தினர் வருவதும் ஒன்றா? எழுதியவர் இப்போது இல்லை, கேட்க முடியாது. இனிமேல் அந்த நாவலைப் புதிதாக எடுக்கும் பிள்ளை, எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான் பேசினார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இந்த விஷயத்தில் கொஞ்சம் விழிப்பாக இருக்கிறார்கள். மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட ஃபிராங்கன்ஸ்டைனை 1831-ல் அவரே திருத்தினார். இன்றைக்கும் ரெண்டு பாடமும் அச்சில் கிடைக்கின்றன, வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். 2023-ல் ரால் டாலின் குழந்தைக் கதைகளில் சொற்களை மாற்றிய செய்தி வெளியானபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பழைய பாடத்தையும் தொடர்ந்து வெளியிடுவோம் என்று பதிப்பகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் பதிப்பகங்களிடம் நாமும் இதைத்தான் கேட்க வேண்டும். பழையதைத் தனியாக அச்சிடக் கட்டுப்படியாகாது என்றால் மின்நூலாகவாவது போடுங்கள். அதுவும் முடியாதென்றால், நீக்கிய பகுதிகளைப் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

பழைய பிரதியில் கதை மட்டுமா இருக்கிறது? அம்மாவைப் பெற்ற தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். 1950-லிருந்து 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து பைண்டிங் செய்தவர். மணியத்தின் படங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு வாரத்து இதழ் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. யாரிடமோ ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, பட்டறைக் கணக்கு நோட்டுத் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் மையால் எழுதி, அதன் இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். தாளின் ஓரத்தில் இன்னும் வரவு, பற்று என்று அச்சிட்ட கோடுகள் தெரிகின்றன. தம்பி மகள் முதன்முதலில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தபோது தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டிருக்கிற பழைய லை, னை எழுத்துகளில் தட்டுத் தடுமாறினாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அல்லவா. மூன்றாம் பக்கத்திலிருந்து சரளமாக வந்துவிட்டது.

சரி, எப்போது காத்திருக்கலாம்? உங்களிடம் இருப்பது வரிக்கு வரி அச்சுப்பிழை உள்ள மலிவுப் பதிப்பு என்றால், சுருக்கப் பதிப்பு என்றால், காத்திருங்கள். அடுத்த மாதம் வந்துவிடும் என்றாலும் காத்திருங்கள், குடி முழுகிவிடாது. ஆனால் "விரைவில்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ரெண்டு மாதமும் அர்த்தம், பத்து வருஷமும் அர்த்தம். காசு விஷயத்திலும் பழையதை முதலில் படிப்பதுதான் நல்லது. நூலகத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் முன்வெளியீட்டுக்குப் பணம் கட்டுங்கள். பிடித்த நாவலை மறுபடி வேறு உருவத்தில் படிப்பது தனிச் சுகம். எழுத்தாளர் எதற்காக இந்த வரியை எடுத்தார், எதற்காக இவளைச் சாகவிடாமல் காப்பாற்றினார் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அவரோடு பேசிக்கொண்டே போகலாம். முதல் தடவையே திருத்திய பதிப்பைப் படிப்பவருக்கு அந்தப் பேச்சு கிடைக்காது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளிடம் சொன்னேன். வெற்றிலைக்கார அம்மா கதையை அவளிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை. ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து நாவலை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். அவளுக்கு நான் கொடுத்திருப்பது அப்பா காசு போட்டு வாங்கி வைத்திருந்த நாலைந்து புத்தகங்களில் ஒன்று. இருட்டுகிற நேரத்தில் உள்ளே வந்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு.

"இது யாரு போட்டது அத்தை?"

"உங்க தாத்தாதான்."

"இந்த எடத்துல எதுக்குப் போட்டாரு?"

எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்லு கண்ணு என்றேன். அவள் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.