ஒரு கட்டிலின் மேல் எத்தனை சுங்க எண்கள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள தங்கும் விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு ஆகியவற்றை வாங்கிக் கொடுப்பது என் தொழில். பருத்திச் சரக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நம் பகுதி வணிகர்கள், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதைத் தீர்மானிக்கும் சுங்கத் தலைப்பு எண்ணை, சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

விடுதி அறையின் ஒரு கட்டிலைப் பாருங்கள். மெத்தை மேல் விரிக்கும் பருத்தி விரிப்பும் தலையணை உறையும் 6302. பகலில் அழகுக்காக மேலே போடும் கட்டில் விரிப்பு 6304, பருத்திப் போர்வை 6301. நம் ஊர்க் குளிருக்கு எல்லோரும் கேட்கும், உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்த ரஜாயோ சுங்க அட்டவணையின் ஜவுளிப் பிரிவிலேயே இல்லை. மெத்தை, தலையணைகளோடு சேர்ந்து 9404-இல், மேசை நாற்காலிகள் வரும் 94-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இத்தனையையும் இன்வாய்ஸில் 'காட்டன் துணி' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால், ஏஜென்ட் எதைப் பார்த்து எண் போடுவார்?

எனக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. ஒரே சுருளாக நெய்து, இடையிடையே வெட்டுவதற்கான இழை விட்ட கைக்குட்டை அளவு மேசைத் துணிகளை வரவழைத்தேன். ஓரம் தைக்காததால் அது வெறும் துணிதான் என்று ஏஜென்ட் 5208 போட்டார். சுங்க அதிகாரி 6302 என்றார். சரக்கு பத்து நாளுக்கு மேல் துறைமுகத்தில் கிடந்து, வாடகை ஏறியது. கோபத்தோடுதான் ஜவுளிப் பிரிவின் 7-ஆம் குறிப்பைப் படித்தேன். இழையை வெட்டிப் பிரித்தாலே பயன்படுத்தலாம் என்ற நிலையில் நெய்யப்பட்டது ஆயத்தப் பொருளே என்று அதில் தெளிவாக இருந்தது. அதிகாரி சொன்னதே சரி.

சுருள் துணிக்கு எடைதான் சிக்கல். பருத்தி 85 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை என்றால் 5208, தாண்டினால் 5209; செயற்கை இழை கலந்து பருத்தி 85-க்குக் கீழே போனால் 5210 அல்லது 5211. பாலியஸ்டர் பருத்தியை விஞ்சிவிட்டால் 52-ஆம் அத்தியாயமே கிடையாது. ஆடி மாதச் சாரலில், பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டை வெட்டிக் கடையிலேயே நிறுத்தேன்: 2.04 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 204. அதே துணி கோவை ஆய்வகத்தில் 196 காட்டியது. பருத்தி ஈரத்தைக் குடிக்கும். அதனால்தான் 65 விழுக்காடு ஈரப்பதத்தில் துணியைப் பதப்படுத்திய பிறகு எடை பார்க்கிறார்கள். மலையில் நிறுத்த எடையை நம்பி எண் போட்டிருந்தால், தலைப்பே மாறியிருக்கும்.

சந்தேகம் இருந்தால், எந்த எண் பொருந்தும் என்று சரக்கு வரும் முன்பே முன்தீர்ப்பு கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான ஆணையம் இருக்கிறது. அதன் தீர்ப்பு, சட்டமோ விவரமோ மாறாதவரை, மூன்றாண்டுகள் செல்லும். ஆனால் சிறு வணிகருக்கு அதைவிட முதலில் தேவைப்படுவது அந்தப் பிரிவுக் குறிப்புகளின் நல்ல தமிழாக்கம். சுயமதிப்பீடு, அதாவது எண்ணையும் வரியையும் நீங்களே கணித்துச் சொல்லுங்கள் என்று பொறுப்பு முழுவதையும் இறக்குமதியாளர் தலையில் வைத்த பிறகு, அவர் படிக்கக்கூடிய மொழியில் விதியைத் தருவது அரசின் கடமை என்று உறுதியாக நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் பணம் அனுப்பும் முன் அரை மீட்டர் மாதிரி கேட்டு வாங்குகிறேன். நெசவா பின்னலா, இழைக் கலப்பு எவ்வளவு, எடை எத்தனை, ஓரம் மடித்துத் தைத்ததா என்ற நான்கையும் இன்வாய்ஸில் எழுதச் சொல்கிறேன். எழுத மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதில்லை.