வெளியே வெயில், உள்ளே விளக்கு

மதியம் மூன்று மணி. வெளியே சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஆபீஸில் நாங்கள் ஜன்னல் திரையை முழுசாக இறக்கிவிட்டு, எல்லா எல்இடி பேனலையும் எரியவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். இத்தனைக்கும் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. இயற்கை வெளிச்சத்துக்காகவாம்!

திரையை ஏற்றினால் மானிட்டரில் என் முகம்தான் தெரிகிறது, எக்செல் தெரிவதில்லை. மேற்குப் பார்த்த கண்ணாடி, வெளியே ஒரு சன்ஷேடு கூடக் கிடையாது. தாத்தா வீட்டில் தாழ்வாரம் இருந்தது. வெயில் வாசலோடு நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். அதைக் கட்டிய கொத்தனார், வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் லக்ஸ் மீட்டரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

படிக்க, எழுத மேசையில் 500 லக்ஸ் வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரம். நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். இதைச் சமாளிக்க எங்கள் நிர்வாகத்துக்குத் தெரிந்த ஒரே கருவி திரைக் கயிறு.

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். எனக்குச் செங்கல் சுவருக்குக்கூடக் கொடுப்பினை இல்லை, சாம்பல் நிறத் திரைதான்.

சரி, என் தலைக்கு மேல் இருக்கும் பேனலை மட்டுமாவது அணைக்கலாமா என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரே சுவிட்சு தம்பி. அணைச்சா மாடியே இருட்டாயிடும்."