கால்டுவெல்லுக்கு முன்பே முதலூர்

"நெல்லைச் சீமையின் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஊர்களில் கிறிஸ்தவ வழிபாடே கால்டுவெல் வந்த பிறகுதான் தொடங்கியது, பாடுவதெல்லாம் வெள்ளைக்காரன் மெட்டு" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். முதலாவது தவறு, இரண்டாவது பாதிதான் உண்மை.

கால்டுவெல் என்ற வெள்ளைக்கார மிஷனரி இந்தியாவுக்கு வந்ததே 1838இல், தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்குப் போனது 1841இல். ஆனால் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண் கட்டிய ஆலயம் 1785இலேயே இருக்கிறது, அப்புறம் 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற நம்மூர் உபதேசியார் (மத போதகர்), மதம் மாறியதற்காக விரட்டப்பட்ட குடும்பங்களைச் சேர்த்துக் குடியேற்றிய தேரிக்காட்டு ஊர்தான் முதலூர். தொடக்கத்தில் வெள்ளைக்கார மிஷனரி யாரும் அங்கே தங்கி நடத்தவில்லை. இடையன்குடியின் பெரிய கல் கோயில் கால்டுவெல்லின் உழைப்பு, 1880இல் பிரதிஷ்டை ஆனது; அதை யாரும் மறுக்கவில்லை.

பாட்டு விஷயத்தில் பாதி உண்மை. பாமாலை என்ற சபைப் பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலானவை ஜெர்மன், ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்புதான், சரி. ஆனால் கீர்த்தனை? பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் ராகமும் தாளமும் வைத்து எழுதியவற்றை இன்றும் பாட்டிமார் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள்.

அப்புறம் அசனப் பண்டிகை. ஊரே வரி போட்டு, விடிய விடியச் சமைத்து, சோறும் குழம்பும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. ஸ்தோத்திரப் பண்டிகையில் (கடவுளுக்கு நன்றி சொல்லும் விழா) காணிக்கையாக வரும் கோழி, தேங்காய், கருப்பட்டியை ஏலம் விடுவார்களே, ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும் கூத்தெல்லாம் எந்த லண்டன் சபையும் சொல்லிக்கொடுத்தது இல்லை!