பந்தயக் குதிரையைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு

கிண்டி ரேஸ் கோர்ஸின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்தபோது, அந்த 160 ஏக்கரை என்ன செய்யலாம் என்று ஊரே பேசியது. லாயத்தில் நின்ற குதிரைகளைப் பற்றிப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலான குதிரைகளுக்கு ஆறேழு வயதுக்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் இருக்கும். மிச்சமிருக்கும் அந்தப் பதினெட்டு வருடச் செலவில் முதல் பங்கு, அதை ஓட்டவிட்ட முதலாளியுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைக் குதிரை ஓடும் காலத்திலேயே பிடித்து வைக்க வேண்டும்.

தத்தெடுப்பவர்கள் முதலில் தவறுவது தீனியில்தான். பந்தயக் காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ தானியம் தின்ற குதிரை அது. புல் குறைவு, ஓட்டம் அதிகம். குதிரையின் வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். மெல்ல எதுவும் இல்லாவிட்டால் புண் வந்துவிடும். தானியத்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோ வீதம் குறைத்து, அந்த இடத்தைப் புல்லால் நிரப்புங்கள். 450 கிலோ குதிரைக்கு உலர் எடையில் தினமும் ஒன்பது கிலோ தீவனம் வேண்டும். பச்சைப்புல்லாகவே போட்டால் நாற்பது கிலோவுக்கு மேல் போகும்.

அந்தப் பச்சைப்புல் எது என்பதில்தான் பெரிய ஆபத்து. மாட்டுக்குப் போடும் கோ-4 கம்பு நேப்பியர் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. கூடவே தவிடும் போட்டால் அதன் பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் கெடுக்கும். உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். சில மாதங்களில் முகத்தெலும்பு வீங்கும், குதிரை நொண்டும். "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நேப்பியரை மட்டுமே நம்பாமல் உலர்ந்த வேறு புல்லைக் கலந்து, தினமும் இரண்டு கிலோ காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) சேருங்கள். பேரிலேயே குதிரை இருக்கிறதே! தவிட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்து கால். தசைநார் கிழிந்த குதிரை ஆறு, எட்டு வாரத்தில் நொண்டாமல் நடக்கும். உள்ளே அது இறுக ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் பிடிக்கும். "கால் சரியாயிடுச்சு" என்ற பேச்சை நம்பாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட குதிரையை மெரினா மணலில் சவாரிக்கு விடுவது கொடுமை. கால் புதையும் மணலில் ஒவ்வொரு அடியும் அந்த நாரைத்தான் இழுக்கிறது.

சென்னைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்வை சுரப்பதே நின்றுபோகும். வெயிலில் நின்றும் ரோமம் காய்ந்தே இருந்து, மூக்கு விரிந்து மூச்சு வாங்கினால் உடனே நிழல், மின்விசிறி, உடம்பு முழுக்கத் தண்ணீர், அப்புறம் மருத்துவர். ஏப்ரல், மே மாதங்களில் குதிரையை இடம் மாற்றவே வேண்டாம். டிசம்பர், ஜனவரிதான் நல்லது. ஐப்பசி மழையில் குளம்பு அழுகும் என்பதால் லாயத் தரை காய்ந்திருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். டெட்டனஸ் ஊசி கட்டாயம். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை முடியாமல் வண்டியில் ஏற்றவே கூடாது. அது மனிதருக்கும் தொற்றும்.

முதல் மூன்று மாதம் சேணம் வேண்டாம். முள்கம்பி இல்லாத சின்ன அடைப்பில், சாதுவான இன்னொரு குதிரையோடு விடுங்கள். குதிரை தனியாக வாழும் பிராணி இல்லை.

ஒப்பந்தம் இல்லாத தத்து என்பது இலவச விற்பனைதான். குதிரை, அதைத் தத்துக் கொடுக்கும் காப்பகத்தின் பேரிலேயே இருக்க வேண்டும். விற்கக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, கல்யாண ஊர்வலத்துக்கோ கடற்கரை சவாரிக்கோ வாடகைக்கு விடக் கூடாது. சொல்லாமல் வந்து பார்க்கும் உரிமை காப்பகத்துக்கு வேண்டும். மைக்ரோசிப் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்; இல்லாவிட்டால் ஒரு குதிரைக்குப் பதில் இன்னொன்றைக் காட்டிவிடுவார்கள். வளர்க்க முடியாமல் போனால் திரும்ப அழைத்துப் போவதும் காப்பகத்தின் வேலையே. அந்த வண்டி வாடகையையும் முதல் நாளே முன்பணமாக வாங்கி வைத்துவிட வேண்டும்.