கோடை முகாம் வேண்டாம், பிசானத்தில் படகை இறக்குங்கள்

நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துடுப்புப் படகுப் போட்டி பழக்க உள்ளூரில் ஒரு கிளப் வேண்டும் என்று சொன்னால், உடனே வரும் பதில் "மே மாதம் பத்து நாள் முகாம் போடலாமே" என்பதுதான். திருநெல்வேலிக்காரர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. மே மாதத்தில் நம் குளங்களில் மாடு மேயும். படகை எங்கே இறக்குவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் குளம் பெருகும். மழைக்காலப் போகமான பிசான நெல் விளையும் வரை தண்ணீர் கிடக்கும். அப்படியானால் கார்த்திகை முதல் மாசி வரை, சனிக்கிழமைக் காலைகளில் பயிற்சி. பங்குனியில் தேர்வு நெருங்கும்போது தண்ணீரும் வற்றத் தொடங்கும், படகைக் கரையேற்றிவிடலாம். பள்ளி நாட்காட்டியோடு இவ்வளவு ஒத்துப்போகும் விளையாட்டு நமக்கு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

மற்ற மாதங்களுக்குத் தண்ணீரே தேவையில்லை. எர்கோமீட்டர் என்று ஒரு இயந்திரம் இருக்கிறது. பள்ளி வராந்தாவில் போட்டுவிடலாம். படகில் இருப்பதுபோலவே அதிலும் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். முதலில் கால் உதைக்க வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை இழுக்க வேண்டும். இது கை பலத்து விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும், தொடை சொல்லும். தினமும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளை இதில் சீக்கிரம் தேறும்.

1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றங்கரையில் இருப்பதால், இதைப் பட்டணத்துப் பணக்காரர் விளையாட்டு என்றே நம்மவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். தத்து போகனலைப் பாருங்கள். நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமத்தில் பிறந்தவர், ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் படகில் 13-ஆம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். நம் வறண்ட நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆற்றில் வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தாமிரபரணியில் பாறை உண்டு, சுழல் உண்டு, வழிநெடுக அணைக்கட்டுகள் உண்டு. நகரத்துச் சாக்கடையும் கலக்கிறது. போட்டிக்கு 2,000 மீட்டர் நீளம் வேண்டும்தான். ஆனால் பழகும் பிள்ளைகளுக்கு ஐந்நூறு மீட்டர் நேர்நீளம் போதும், பெரிய குளங்களில் அது கிடைக்கும். அதற்கு நீர்வளத்துறை அனுமதியோடு அந்தக் குளத்துப் பாசன விவசாயிகளின் சம்மதமும் வேண்டும். தண்ணீர் முதலில் அவர்களுடையது. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் மேல் மட்டும் யாரும் கண் வைக்காதீர்கள். நமக்குப் படகுக்காலம் என்றால் பறவைகளுக்கு அது குஞ்சு பொரிக்கும் காலம்.

பெற்றோர் பயப்படுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது, பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம். ஆற்றங்கரையில் வளர்ந்தும் நீச்சல் தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். எனவே உடுத்திய உடையோடு நீந்திக் காட்டாத பிள்ளை படகில் ஏறக் கூடாது. மிதவை அங்கி இல்லாமல் யாரும் ஏறக் கூடாது, மீட்புப் படகு இல்லாத நாளில் பயிற்சியே கூடாது. கலெக்டர் பேரன் வந்தாலும் இதுதான் சட்டம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆம்பளைப் பையன்கள் குளத்தங்கரை மரத்தடியில் உடை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் ஈர உடையோடு பஸ் ஏற வேண்டும் என்றால் இரண்டாவது வாரமே வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. நன்கொடை தருகிறோம் என்பவர்கள் எல்லாரும் தங்கள் பெயர் எழுதிய படகையே தரப் பார்ப்பார்கள். முதலில் குளக்கரையில் தாழ்ப்பாள் உள்ள ஒரு உடைமாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டித் தாருங்கள். பெயரை வேண்டுமானால் அதன் சுவரில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்.