100 கிலோ கறுப்புக்கு ஒரு மூட்டை உப்பு

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்துக்கும் தயாரிப்பவர்களுக்கும் நடுவே ஆர்டரைக் கவனிப்பவளாக, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கறுப்பு நிறத்துக்கு வந்த லேப் டிப்பை, அதாவது ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் சிறு மாதிரித் துண்டை, நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தேன். மறுநாள் அந்தச் சாயப்பட்டறைக்கே போக நேர்ந்தது. மாஸ்டருக்கு என் அப்பாவின் வயது. என்மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை. "அம்மணி, இந்தக் கறுப்புக்கு எவ்வளவு உப்புப் போகும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் ஜவுளி வடிவமைப்புப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அடுத்த கோடைக்கு எந்த நிறம் ஓடும் என்று பத்துப் பக்கம் எழுதத் தெரியும். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும் என்பது ஏதோ ஒரு தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்த ஞாபகம். அவ்வளவுதான்.

பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். துணி 100 கிலோ. மெஷினில் தண்ணீர் 600 லிட்டர். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 80 கிராம் உப்பு. மொத்தம் 48 கிலோ; ஏறக்குறைய ஒரு மூட்டை. வெளிர் நிறமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோவில் முடிந்துவிடும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, தான் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. ஒட்டாத சாயமும் அதோடு சேர்ந்து போகிறது. ஷேடு தவறினால் மறுபடியும் ஓட்ட வேண்டும். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் உப்பு.

பிறகு வால்வைத் திறக்கச் சொன்னார். ஆவி பறக்க, கறுப்பும் ஊதாவுமாகத் தண்ணீர் காலடிக் கால்வாயில் பாய்ந்தது. நுரை ஓரமாக ஒதுங்கி நின்றது. என் மேஜையில் அட்டையில் ஒட்டிய இரண்டு அங்குலத் துண்டாக இருந்த நிறம் அது. அதைத்தான் "இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும்" என்று எழுதி நான்கு முறை திருப்பியிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கருத்துதான். ஆடை வடிவமைப்பில் அறமும் சூழலும் தனிப் பாடமாக இருக்கவே முடியாது. நிறம், துணி, தேதி என்று வடிவமைப்பாளர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு இடத்திலும் அது இருக்கிறது. அங்கேதான் கற்றுக்கொடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் இது கடைசி ஆண்டின் விருப்பப் பாடம். அதற்குள் பிள்ளைகளின் கையும் கண்ணும் பழகிவிடுகின்றன. துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதை அழகு என்பது, எதை நிராகரிப்பது எல்லாம் முதல் ஆண்டிலேயே படிந்துவிடுகிறது. பிறகு வந்து 'பசுமை' என்றால் அது போஸ்டர் வரைவதற்கு மட்டும்தான் பயன்படும்.

இந்த உப்பு எங்கே போனது என்பதற்குக் கொங்கு மண்டலமே சாட்சி. ஒரத்துப்பாளையம் அணை நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே 'அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்' என்று கெஞ்ச வேண்டி வந்தது. என் பெரியம்மா வீடு சென்னிமலைப் பக்கம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பெரியம்மா குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் நான் பின்னாளில் படித்த படிப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். விடாமல் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்டவை ஒரே அடியில் நின்றன. ஊரே வேலையில்லாமல் தவித்தது உண்மை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். அதன் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற விதி ஏட்டிலிருந்து இறங்கி நடைமுறைக்கு வந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்புக் கரைசலை மீண்டும் சாயத்துக்கே கொடுக்கின்றன. காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் நிற்கிறது. தொழிலும் நீதிமன்றமும் இவ்வளவு பாடுபட்டு அடக்கிய ஒன்றை, 'இன்னும் கொஞ்சம் ஆழம்' என்ற ஒரே வரியில் ஒரு வடிவமைப்பாளர் கூட்டிவிட முடியும். அந்த வரியை எழுதும் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டாமா?

கழிவுத் துணி விஷயமும் இப்படித்தான். பட்டமளிப்புக் கண்காட்சிகளில் பழைய சேலையை வெட்டி ஓர் உடை தைத்து, அதை மறுசுழற்சி என்று மேடையேற்றுகிறோம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் திருப்பூர் குடோன்களில், துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டுக் குவியலின் நடுவே அமர்ந்து, சிவப்பு வேறு, நீலம் வேறு, வெள்ளை வேறு என்று பெண்கள் நாளெல்லாம் பிரிக்கிறார்கள். அது கிழிக்கப்பட்டு, பஞ்சாகி, ஓஇ (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் மறுபடி நூலாகிறது. நிறம் ஏற்கெனவே இருப்பதால் அந்த நூலுக்குச் சாயமே தேவைப்படுவதில்லை. நிறங்களை அவ்வளவு துல்லியமாகப் பிரிக்கும் கண்கள் எங்கள் வகுப்பில் யாருக்கும் இருந்ததில்லை. மூக்கில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு அந்தத் தூசியில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் பெயர் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. ஓர் அம்மா ஒரு துண்டை இழுத்துக் காட்டி, "இந்த லைக்ராவைச் சேர்த்து விடுகிறார்களே, அது வேண்டாம் கண்ணு, மில்லில் எடுக்க மாட்டார்கள்" என்றார். உடலோடு பொருந்தி நிற்கட்டும் என்று, இழுத்தால் நீளும் அந்த லைக்ரா இழையை ஐந்து சதவீதம் சேர்க்க நான் எழுதிய டி-ஷர்ட்கள் எத்தனை என்று அன்று கணக்குப் பார்த்தேன். பாதிக்கு மேல் தேவையே இல்லாதவை.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் வடிவமைப்பாளர், கப்பலேற்ற இரண்டு வாரம் இருக்கும்போது பிரிண்டை ஓர் அங்குலம் மேலே ஏற்றச் சொல்கிறார். கப்பல் தேதி மட்டும் மாறாது. தாமதமானால் விமானச் செலவு கம்பெனி தலையில். அதனால் என்ன நடக்கும்? ஏற்கெனவே ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் டெய்லர்களை இரவுக்கும் நிறுத்துவார்கள். அப்படி ஓர் இரவில் நானும் செக்கிங் மேஜையில் நின்றிருந்தேன். ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த அக்கா மதியம் கொண்டுவந்த டிபன் பாக்ஸை இரவு பதினொரு மணிக்குத்தான் திறந்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடி வைத்தார். அந்த ஓர் அங்குலம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை என்பதைப் பிறகு கடை மாதிரியில் பார்த்தேன்.

வகுப்பில் ராணா பிளாசாவைக் காட்டுகிறார்கள். 2013 ஏப்ரல் 24, டாக்கா அருகே, 1,100-க்கும் மேற்பட்டோர் சாவு. காட்ட வேண்டியதுதான். ஆனால் அது வேறொரு நாட்டின் துயரமாக ஒரு ஸ்லைடில் முடிந்துவிடுகிறது. மூன்று வருடம் விடுதியில் அடைந்து உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை நம் நூற்பாலைகளுக்குக் கூட்டிவந்த சுமங்கலித் திட்டம் எத்தனை வகுப்பில் பேசப்படுகிறது? திண்டுக்கல்லில் ஒரு பெண் தொழிலாளி கொலையுண்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022-இல் ஆலையையும் பன்னாட்டு நிறுவனங்களையும் கையெழுத்துப் போடவைத்த திண்டுக்கல் ஒப்பந்தம்? பாலியல் தொல்லைக்கு எதிராக நம் மண்ணில் உருவான ஆவணம் அது. இப்போது நான் வகுப்பெடுக்கும் மாணவர்களில் ஒருவர்கூட அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

சான்றிதழ் இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்கு இயற்கைப் பருத்தி என்று போலிச் சான்று கொடுக்கப்பட்டிருந்ததை அந்தச் சான்றுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பே கண்டுபிடித்துச் சொன்னது. காகிதத்தைப் படிப்பதோடு, அந்தப் பஞ்சு எந்த ஊரிலிருந்து எந்த மில் வழியாக வந்தது என்று கேட்கவும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

'புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணுக்கு இதையெல்லாம் மாற்ற ஏது அதிகாரம்?' என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூலியை உயர்த்தும் அதிகாரம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் லேப் டிப்பை இரண்டாவது முறையே ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் இருந்தது. லைக்ராவை எடுத்துவிடும் அதிகாரம் இருந்தது. 'பிரிண்டை மாற்றினால் தேதியையும் பத்து நாள் தள்ளுங்கள்' என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதும் அதிகாரமும் இருந்தது. மூன்றாவதைச் செய்ய எனக்கு ஆறு வருடம் பிடித்தது. எழுதிய முதல் முறையே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது வாரம் இரண்டு நாள் வகுப்பெடுக்கிறேன். இந்த ஆண்டு முதல், முதலாண்டு மாணவர்கள் தரும் ஒவ்வொரு வடிவமைப்பிலும் நிறத்தின் பக்கத்தில் உப்பு எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர், தைக்க எத்தனை நிமிடம் என்று எழுதியாக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முதல் வாரமே கறுப்பு பாதியாகக் குறைந்தது.

அடுத்த மாதம் 24 பேரைச் சாயப்பட்டறைக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரே ஒரு பட்டறை சம்மதித்திருக்கிறது. ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே இடமில்லை என்கிறார்கள். மூன்று நடையாகப் போகிறோம். பட்டறையோ கட்டிங் வேஸ்ட் குடோனோ வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கதவைத் திறந்துவிடுங்கள். தேதி உங்கள் வசதிப்படி.